மணல்திட்டின் வால் பக்கம்

கடலூரம்மா முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்று என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தார்.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் பெண்ணையாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. வேலைக்கு வந்தவர்களுக்காக ஆற்றோரம் வரிசையாக ஓட்டு வீடுகள் போட்டிருந்தார்கள். என் கணவர் அங்கே ஸ்டோர் கிளார்க். எங்களுக்கு அடுத்த வீட்டில், வரிசையின் கடைசி வீட்டில், புதிதாக ஓவர்சியர் ஒருவர் குடிவந்தார். அவருடைய மனைவிதான் இவர். கடலூர்க்காரர் என்பதால் வந்த இரண்டாம் நாளே எல்லோருக்கும் கடலூரம்மா ஆகிவிட்டார். நான் மட்டும் அக்கா என்று கூப்பிடுவேன்.

ஓவர்சியர் வீட்டு அம்மா வாசலில் வந்து நிற்கிறாரே, காபி போடுவதா, மோர் கொடுப்பதா, காபி போட்டால் பால் போதுமா என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தேன். அவர் நிலைப்படியில் நின்று கூடத்துச் சிமெண்ட் தரையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் நிதானமாகப் பார்த்தார்.

"கிழக்கு மூலை தாழ்வா இருக்கு. கழுவி விட்டா தண்ணி அங்கதானே போய் நிக்கும்?"

"ஆமா."

"அப்போ உன் குழந்தை அங்கதான் இருக்கும்."

முரளிக்கு அப்போது ஒரு வயது முடிந்திருந்தது. எந்நேரமும் தவழ்ந்துகொண்டிருப்பான். கிழக்கு மூலையில் அரிசி டின்னுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். அங்கேதான் உட்கார்ந்திருந்தான். தரை கழுவும்போது அடித்துக்கொண்டுபோன பொரியெல்லாம் அந்த மூலையில்தான் சேரும். அதைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தான். எனக்கு ஒரே ஆச்சரியம். குழந்தை அழுக்குப் பொரியைத் தின்பதைப் பார்த்துவிட்டாரே என்று வெட்கமும்கூட. ஆனால் சொன்னது பலித்துவிட்டதில் அவருக்குத் துளியும் சந்தோஷமில்லை. உப்பில்லாத மோரைக் குடித்தவர் மாதிரி, "சரியாப் போச்சு" என்றார். பிறகுதான் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

போகப்போகத்தான் விஷயம் புரிந்தது. அவர் சென்னையில் காலேஜில் உயிரியல் படித்தவர். கல்யாணத்துக்கு முன்னால் சில வருஷம் கடலூர்ப் பக்கத்தில் ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தில் வேலை பார்த்திருக்கிறார். என்ன வேலை என்று கேட்டால் அவர் வீட்டில் தோசை தீய்ந்துவிடும். அவ்வளவு நேரம் சொல்லுவார்.

நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். முகத்துவாரம் என்பது வெறும் தண்ணீர் இல்லை. அதற்குள் மேடும் பள்ளமும் திட்டும் வளைவும் உண்டு. கடல்வாயை ஒட்டி அலை அரித்தெடுக்கும் திட்டில் பருமணல் இருக்கும். அங்கே மணலுக்குள் விசுக்கென்று புதைந்துகொள்ளத் தெரிந்த மட்டிச் சிப்பிகள்தான் பிழைக்கும். திட்டின் மறைவில் தண்ணீர் அடங்கி நிற்கும் இடத்தில் நைஸான சேறு படியும். அங்கே புழுக்கள் குடியிருக்கும். இன்னும் உள்ளே, ஓடைகள் பிரியும் கரையில், நண்டுகள் வளை தோண்டும். ஆகவே, அடியில் இருக்கும் ஜீவன்களைத் தேடி முகத்துவாரம் முழுவதையும் தோண்டவேண்டியதில்லை. நிலத்தின் வடிவத்தைப் படமாக வரைந்துகொண்டு, இங்கே இது இருக்கும், அங்கே அது இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அப்புறம் படகில் போய், அடியை அள்ளிப் பார்த்துச் சரியா என்று தெரிந்துகொள்ளலாம்.

"சரியா இருந்தா?" என்று கேட்டேன்.

"சரியா இருந்தா வீட்டுக்கு வந்துடுவோம். தப்பா இருந்தாத்தான் வேலையே. ஏன் தப்புன்னு பாக்கணுமில்ல? ஒரு தடவை சேத்துல புழு இருக்கும்னு சொல்லி, அள்ளிப் பாத்தா முழுக்க ஆளிச்சிப்பி. மூணு நாள் எனக்குச் சோறே எறங்கல. அவ்வளவு சந்தோஷம்!"

எனக்கு அது கொஞ்சமும் விளங்கவில்லை. குழம்பில் உப்பு கூடிவிட்டதோ என்ற சந்தேகத்திலேயே சாப்பிடாமல் எழுந்திருக்கிறவள் நான். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் விடையை எழுதி, அடித்து, மறுபடி அதையே எழுதியவள். தப்பாகப் போனதற்கு ஒரு மனுஷி சந்தோஷப்படுவாள் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

கடலும் இல்லை, முகத்துவாரமும் இல்லை. கன்னட நாட்டு எல்லையோரம், பாறையும் வெயிலுமான ஊரில் அவர் என்ன செய்வார்? கையில் கிடைத்ததையெல்லாம் முகத்துவாரமாக்கிக்கொண்டார். எங்கள் வரிசையில் சாக்கடைக்கு இரண்டு வளைவுகள் உண்டு. எந்த வளைவில் தவளை இருக்கும் என்று சொல்லுவார். வாரச் சந்தைக்குப் போனால் காய் வாங்குவதற்கு முன் மைதானத்தின் மேடுபள்ளத்தைப் பார்த்துவிட்டு, "பானைக்காரங்க மேட்டுலதான் இருப்பாங்க, ஈரம் ஆகாது" என்பார். போய்ப் பார்த்தால் பானைக்காரம்மா பள்ளத்தில் உட்கார்ந்திருப்பாள். உடனே கடலூரம்மாவுக்குப் பல்லெல்லாம் தெரியும். கத்தரிக்காயை மறந்துவிட்டு அங்கேயே குந்திவிடுவார்.

"ஏம்மா இங்க உக்காந்திருக்கே?"

"எங்க மாமியா இங்கதான் கடை போட்டிருந்தாங்கோ. எடம் மாத்தினா திட்டுவாங்கோ."

"இப்ப மாமியார் எங்கே?"

"செத்து ஆறு வருசமாவுது."

வீடு திரும்பும் வழியெல்லாம் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போனார். "மேடு பள்ளம் பாத்தேன், மாமியாரைப் பாக்காம விட்டுட்டேனே!" கத்தரிக்காய் வாங்க நான்தான் திரும்பிப் போகவேண்டியிருந்தது.

எங்களுக்கெல்லாம் பால் ஊற்றுகிறவள் கெம்பம்மா. ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கன்னடக்காரி. குழந்தையை "மகு" என்றுதான் சொல்லுவாள். கடலூரம்மாவைச் சீண்டுவது அவளுக்குப் பொழுதுபோக்கு. ஒரு நாள் அவளுடைய எருமை காணாமல் போய்விட்டது.

"கடலூரம்மா, ஊர்ல கீற புழு பூச்சியெல்லாம் எங்க கீதுன்னு சொல்றியே, எங்க எருமை எங்கேன்னு சொல்லு பாக்கலாம்."

கடலூரம்மா இதைக் கேலியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கண்ணை மூடி ஆற்றை நினைத்துப் பார்த்தார். "ரெண்டாவது வளைவு. உள்பக்கம் மணல் ஏறியிருக்கு. அதுக்கு எதிர்ப்பக்கம் பள்ளம், நெழல் இருக்கு, சேறு இருக்கு. எருமை அங்கதான் படுத்திருக்கும்."

கெம்பம்மா நல்ல வெயிலில் இரண்டாவது வளைவு வரைக்கும் நடந்து போய்த் திரும்பினாள். எருமை இல்லை. திரும்பி வரும்போதுதான் கண்டாள். கடலூரம்மா வீட்டுக் கொல்லையில் நின்றுகொண்டு, அவர் ஆசையாக வளர்த்த அவரைக்கொடியை வேரோடு மென்றுகொண்டிருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் அங்கேதான் நின்றிருக்கிறது.

"தப்பு!" என்று கைதட்டினார் கடலூரம்மா. "எவ்வளவு அழகான தப்பு பாத்தியா, முரளியம்மா!"

"கொடி போச்சேக்கா!"

"கொடி போனா போகட்டும். தண்ணி, நெழல், சேறு எல்லாம் யோசிச்சேன். தீனியை யோசிக்கல பாரு."

கெம்பம்மா என்னிடம் தலையில் தட்டிக் காண்பித்துவிட்டு எருமையை ஓட்டிக்கொண்டு போனாள்.

முரளிக்கு அவர் வைத்த பெயர் அடிவாசி. முகத்துவாரத்தின் அடியில் வாழும் ஜீவன்களுக்கு அவர் சொல்லும் பெயர் அது. "எங்கே என் அடிவாசி?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே வருவார். ஆரம்பத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது. மாதங்கள் போகப்போக அந்தப் பெயர் எனக்குச் சுருக்கென்று தைக்க ஆரம்பித்தது. ஏனென்றால் முரளி தரையை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

ஒன்றரை வயது ஆயிற்று. அதற்கு மேலும் ஆயிற்று. பிடித்து நிற்க வைத்தால் நிற்பான். கையை எடுத்தால் தொப்பென்று உட்காருவான். வரிசையில் இவனுக்குப் பின்னால் பிறந்த பிள்ளைகள் வாசலில் ஓடின. கிருஷ்ணகிரியில் டாக்டரிடம் தூக்கிப் போனோம். காலை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, "எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, பொறுங்க" என்றார். பொறுங்க என்றால், நடந்துவிடுவான் என்று அர்த்தமா, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று அர்த்தமா? அதைக் கேட்காமல் வந்துவிட்டேன். பஸ் முழுக்க அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். நான் கர்ப்பமாக இருந்தபோது சரியாகச் சாப்பிடவில்லையோ? ராகிக் கூழ் சீக்கிரமே கொடுத்துவிட்டேனோ? என் கணவரிடம் சொன்னால், "டாக்டரே சொல்லிட்டாரில்ல" என்பார். அவர் குரலிலும் உறுதி இருக்காது.

ஒரு நாள் கடலூரம்மாவிடமே கேட்டுவிட்டேன். "எல்லாத்தையும் முன்னாடியே சொல்றீங்களே. இவன் எப்ப நடப்பான்னு சொல்லுங்கக்கா."

அவர் முரளியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் அவன் உள்ளங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

"எனக்கு எங்கேன்னு சொல்லத் தெரியும். எப்பன்னு சொல்லத் தெரியாதும்மா."

அன்றைக்கு அவர் அடிவாசி என்று சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது. இவருக்கும் சந்தேகம் வந்துவிட்டதோ?

மாசி மாதம் நாகரசம்பட்டியிலிருந்து அண்ணி வந்தார். என் கணவருக்கு மூத்த அக்கா. மாந்தோப்புக்காரர். மாவடு ஜாடியை இறக்கி வைத்த கையோடு முரளியை நிற்க வைத்துப் பார்த்தார். தொப்.

"எம்மவ ஒம்போதாம் மாசமே தெருவைச் சுத்தி வந்தா. இவன் என்னா, ராசா மாதிரி ஒக்காந்தே கெடக்கறான்?"

நான் ஜாடியின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஆத்து மணல்ல குழி எடுத்து, இடுப்பு மட்டும் நிக்க வெச்சு, ஈர மணலைத் தள்ளி மூடணும். காலையில கொஞ்ச நேரம். நாலஞ்சு நாள் வெச்சா கால் உறுதியாயிடும். எங்க ஊர்ல எல்லாப் பிள்ளைக்கும் வெச்சிருக்கறாங்கோ. நீ படிச்சவ, ஒனக்கு இதெல்லாம் தெரியாது."

என் கணவர் டாக்டரிடம் ஓர் ஆளை அனுப்பிக் கேட்டார். "வெச்சா ஒண்ணும் ஆகாது, குளிராம பாத்துக்குங்க" என்று பதில் வந்தது. எனக்கோ வேறு பயம். மணலுக்குள் நண்டு இருந்தால்? கால் புதைந்திருக்கிற குழந்தை எப்படி விலகும்? கடலூரம்மா படித்தவர், இதெல்லாம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுவார், அதைச் சாக்காக வைத்து அண்ணியிடமிருந்து தப்பிக்கலாம் என்று நினைத்து அவரிடம் ஓடினேன். அவர் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டார்.

"குழியா? எங்கே தோண்டறது?"

அந்த மாதிரி அவர் முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. இந்த ஊருக்கு வந்து முதல்முறையாக அவருக்கு உத்தியோகம் கிடைத்துவிட்டது.

"நண்டு இருக்குமோன்னு பயமா இருக்குக்கா."

"அதுக்குத்தானே நான் இருக்கேன்! எங்க நண்டு இருக்கும், எங்க ஒண்ணுமே இருக்காதுன்னு நான் சொல்றேன். ஒண்ணுமே இல்லாத எடத்துல வெப்போம்."

மறுநாள் வெயில் ஏறியபின் நாங்கள் நான்கு பேர் போனோம். அண்ணி, கடலூரம்மா, நான், என் இடுப்பில் முரளி. ஆற்றின் இரண்டாவது வளைவின் உள்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு சின்ன மணல்திட்டு. மேல்முனை அகலமாக, மேடாக இருக்கும். கீழே போகப்போக ஒடுங்கி வால்போல முடியும். கடலூரம்மா திட்டைச் சுற்றி நடந்தார், குனிந்தார், மணலை அள்ளி விரல்களுக்கிடையில் உதிர்த்தார்.

அண்ணி என் காதருகே, "இந்தம்மா மண்ணு பாக்குதா, ஜோசியம் பாக்குதா?" என்றார்.

"இங்க," என்று மேல்முனையில் குதிகாலை ஊன்றினார் கடலூரம்மா. "வெள்ளம் வந்து முட்டற எடம். நைஸானதெல்லாம் அடிச்சிக்கிட்டுப் போயிருக்கும். பருமணல்தான். திங்க ஒண்ணும் தங்காது. நண்டு இல்ல, மட்டி இல்ல, ஒண்ணும் இல்ல."

"அப்போ நண்டு எங்க இருக்கும்?" என்றேன்.

"அதோ, வால் பக்கம். தண்ணி அடங்கற எடம். சேறு படிஞ்சிருக்கும். அடிவாசிங்க எல்லாம் அங்கதான் குடியிருக்கும். நீ பயப்படாதே."

நான் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் சத்தியமாகச் சொன்னார். அண்ணி குழியெடுத்தார். மேலே பொலபொலவென்று காய்ந்த மணல்தான் வந்தது. கடலூரம்மா என்னைப் பார்த்துப் பெருமையாகத் தலையசைத்தார். நான் முரளியின் சொக்காயைக் கழற்றினேன். இன்னும் கொஞ்சம் தோண்டிய அண்ணி, "த்தூ! என்னா இது, கருப்பா வருது?" என்று கையை உதறினார்.

சேறு. நல்ல கருஞ்சேறு. அந்தச் சேற்றோடு அண்ணியின் கையில் ஒரு மட்டியும் வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அப்புறம் குழியின் ஓரத்தைப் பிளந்துகொண்டு, கைகளை முன்னால் தூக்கியபடி, வயல் நண்டு ஒன்று வெளியே வந்தது.

நான் கத்திக்கொண்டு முரளியோடு பின்னால் நகர்ந்தேன். இன்னும் சற்று நேரம் போயிருந்தால் அவன் கால் அதற்குள் இருந்திருக்கும். குழந்தையைத் தூரத்தில், மணல்மேல் நிற்க வைத்து, என் முழங்காலைப் பிடித்துக்கொள்ளச் செய்தேன். கடலூரம்மாமேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் அவர் குழியருகே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். புடவையெல்லாம் சேறு. கண்களில் தண்ணீர்.

"தப்பு, முரளியம்மா! அவ்வளவும் தப்பு!"

"அக்கா, நண்டுக்கா!"

"ஆமா, ஆமா! எப்படி வந்தது?" அவர் தலையைக் குழிக்குள் விட்டு, சேற்றை அடுக்கடுக்காகச் சுரண்ட ஆரம்பித்தார். "இதோ பாரு, கீழே பருமணல். நான் சொன்னது அதுதான். அதுக்கு மேல சேறு. அதுக்கு மேல காத்துல வந்த மணல் போர்வை மாதிரி. திட்டோட வடிவம் பழசு, தண்ணிதான் புதுசு... ஐயோ! எங்க வீட்டுக்காரர்!"

"அவருக்கு என்ன?" என்று அண்ணி பதறினார்.

"கீழே அணை வேலைக்காக ஆத்துக்குக் குறுக்கே மண்கரை போட்டாரே! மழையில தண்ணி போக வழியில்லாம பின்னால ஏறி இங்க வந்து நின்னிருக்கு. சேறு படிஞ்சிருக்கு. தெனம் சாயந்திரம் அந்தக் கரையைப் பத்தித்தான் பேசுவார். நான்தான் காதுல வாங்கறதில்ல!"

அண்ணி வாயில் கைவைத்துக்கொண்டு நின்றார். நண்டு இந்த ரகளைக்குப் பயந்து திட்டின் சரிவில் பக்கவாட்டாக ஓட ஆரம்பித்தது. என் முழங்காலில் இருந்த பிடி விட்டது. முரளி உட்கார்ந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். குனிந்தேன். அங்கே அவன் இல்லை.

நண்டுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தான். இரண்டு காலால். கைகளை அந்த நண்டு மாதிரியே முன்னால் தூக்கிக்கொண்டு, ஈர மணலில் கால் புதையப் புதைய, விழாமல், திரும்பிக்கூடப் பார்க்காமல். எனக்கு கூப்பிட்டால் விழுந்துவிடுவானோ என்று கூப்பிடவும் பயம்.

"அக்கா," என்றேன் மெதுவாக. "நடக்கிறான்."

குழியிலிருந்து தலை வெளியே வரவில்லை. "யாரு, நண்டா?"

"அக்கா! முரளி! நடக்கிறான்!"

அவர் திடுக்கிட்டுத் தலையை எடுப்பதற்குள் நண்டு தண்ணீருக்குள் போய்விட்டது. துரத்துவதற்கு ஒன்றும் இல்லையென்று முரளி தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். அண்ணி அழுதுகொண்டே ஓடிப்போய் அவனுக்குத் திருஷ்டி கழித்தார். "எங்க ஊரு வைத்தியம், மணலைத் தொட்டவொடனே வேலை செஞ்சிடுச்சு பாத்தியா?" என்றார். அவனைக் குழிக்குள் இறக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை.

கடலூரம்மா சேற்றுக் கையோடு அவன் எதிரில் போய் மண்டியிட்டார். "கண்ணா, ஒரே ஒரு தடவை. நான் பாக்கலடா. எழுந்திரு." அவன் இரண்டு கையாலும் சேற்றைத் தட்டி அவர் முகத்தில் தெறிக்க விட்டான். எழுந்திருப்பதாக இல்லை.

அன்றைக்கப்புறம் அவன் உட்காரவே இல்லை என்று சொல்லலாம். அணை முடிந்ததும் ஓவர்சியருக்கு மாற்றலாகி அவர்கள் போய்விட்டார்கள். அந்தத் திட்டு இப்போது அணைத் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. அணைக்கரையில் முரளி ஓட, சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் பின்னால் ஓடுகிறேன். சின்னவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. எனக்குக் கவலைதான். ஆனால் கடலூரம்மாவை நினைக்கும்போது கவலை நினைவுக்கு வருவதில்லை, அவர் முகம்தான் வருகிறது. அதுவும் அந்தக் காலையில், முரளியின் எதிரில் மண்டியிட்டிருந்தபோது மாறிய முகம்.

அன்று, முகத்தில் தெறித்த சேற்றைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். பின்னால் மணல்திட்டின் மேல்முனை. இரண்டு பக்கமும் ஒடுங்கி வரும் சரிவு. முரளி உட்கார்ந்திருந்த இடத்தில் அடங்கி நின்ற தண்ணீர், நைஸான சேறு. அத்தனை சந்தோஷமும் அவர் முகத்திலிருந்து வடிந்து போயிற்று.

"வால் பக்கம்," என்றார். "அடிவாசி அங்கதான் இருக்கும்னு சொன்னேன். அங்கேயே போய் உக்காந்துட்டானே."

"ஆமாக்கா."

"சரியாப் போச்சு," என்றார், உப்பில்லாத மோரைக் குடித்தவர் மாதிரி.

நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவரைத் தேற்றிக்கொண்டே வந்தேன்.